துரை ஒப்பித்த பாடம்

வாடகை வண்டி பண்ணை வாசலோடு நின்றுவிட்டது. மண்பாதை சேறாகக் கிடக்கிறது, சக்கரம் இறங்கிவிடும் என்று ஓட்டுநர் காரணம் சொன்னார். ஆனால் அவர் கண் பாதையில் இல்லை. தூரத்தில் தெரிந்த லாயத்தின் கூரை மேல் இருந்தது. இவருக்கும் விஷயம் எட்டியிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பெட்டியைத் தானே இறக்கிக்கொண்டு நடந்தாள்.

மூன்று வாரம் அக்கா வீட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறாள். இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பாதையில் வரும்போதெல்லாம் பெட்டியைத் தூக்க ஓர் ஆள் இருந்தார். இனிமேல் இல்லை.

பண்ணை பெரிதொன்றுமில்லை. பத்து ஏக்கர் புல்வெளி, நான்கு பெட்டைக் குதிரைகள், அவற்றோடு இணைசேர்க்க ஒரு பொலிகுதிரை. நிலம் அவளுடைய அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்தது. குதிரைகள் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் ஒவ்வொன்றாகச் சேர்த்தவை. வீட்டுப் படி இறங்கினால் லாயம். லாயத்தைத் தாண்டி மணல் கொட்டிய வட்டக் களம். அதற்கும் அப்பால், வேலியோரத்தில், யாரும் போகாத பழைய வைக்கோல் கொட்டகை. பக்கத்து வீட்டு விளக்கைப் பார்க்க வேண்டுமானால் அரை மணி நேரம் நடக்க வேண்டும்.

லாடக்காரர் படியில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பண்ணையின் குளம்புகள் எல்லாம் பதினைந்து வருஷமாக அவர் கையில்தான். அவள் ஊரில் இல்லாத நாட்களில் தீனி, தண்ணீர் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

"வா தங்கச்சி," என்று எழுந்தார். "பாதியாயிட்ட."

"எங்க அக்கா சமையலைச் சாப்பிட்டுப் பாருங்க, நீங்களும் பாதியாவீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "பெட்டைங்க நாலும் நல்லா இருக்கு. துரைதான்..."

"துரைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. தீனி எடுக்குது, தண்ணி குடிக்குது. நான் உள்ள போகல. அரைக்கதவுக்கு மேலயே வாளியை எட்டி வெச்சுட்டு வந்துடுவேன்." குரலைத் தாழ்த்தினார். "அதை யாருக்காவது குடுத்துடு தங்கச்சி. ஆளைக் கொன்ன குதிரை."

"அவர் பார்த்துப் பார்த்து வளர்த்ததுண்ணே. அதையும் அனுப்பிட்டா, அவரோடதுன்னு சொல்லிக்க இங்க எனக்கு என்ன இருக்கு?"

லாடக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு சாவிக்கொத்தை அவள் கையில் வைத்துவிட்டுத் தன் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வாளி ஐந்து நிமிஷம் தாமதமானாலும் கதவை உதைத்து ஆளைக் கூப்பிடும் குதிரை அது. 'துரை எழுந்தாச்சா, துரைக்குக் குளியல் ஆச்சா' என்று கேலி பேசப்போய் அதுவே பேராக நின்றுவிட்டது. கருஞ்சிவப்பு நிறம், அகலமான மார்பு, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கழுத்து. பெட்டைகளைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. துரை முழுக்க முழுக்கக் கணவர் பொறுப்பு. பொலிகுதிரையை நடத்துவது தனி வித்தை. எதிரே நிற்கக்கூடாது, தோளோடு ஒட்டி இடப்பக்கம் நிற்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளக்கூடாது. பெட்டையிடம் கூட்டிப்போகத் தோலால் செய்த முகக்கயிறு, வெறுமனே நடத்திப்போக நூல்கயிறு. தோலைக் கண்டதும் கழுத்தை வளைத்து லாயமே அதிரக் கனைக்கும் துரை, நூலைக் கண்டால் தலையைத் தாழ்த்திக் கொடுத்துவிடும்.

"குதிரைக்கு நம்ம பேச்சு எங்க புரியும்?" என்பார் கணவர். "நாம என்ன மாட்டியிருக்கோம், என்ன சத்தம் கேக்குது. அதுக்குத் தெரிஞ்ச பாஷை அவ்வளவுதான்."

அவர் இறந்த அன்று காலை கொட்டும் மழை. அவருடைய நீலக் கோட்டு முந்தின நாளே நனைந்து கொடியில் கிடந்தது. அவசரத்தில், சமையலறை ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய பழுப்புக் கோட்டை எடுத்துத் தலையோடு போட்டுக்கொண்டு லாயத்துக்கு இறங்கினார். அவள் டீ போட்டாள். மழையில் கூப்பிட்டால் கேட்காது. ஜன்னலைத் திறந்து, உதட்டைக் குவித்துச் சீழ்க்கை அடித்தாள். கீழே ஒன்று, மேலே ஒன்று, இரண்டே இழுப்பு. சின்ன வயதிலிருந்து அவளோடு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வாளி கழுவும்போதும் துணி உலர்த்தும்போதும் அவள் வாயில் தன்னால் வரும். அவர் வரவில்லை. மறுபடியும் அடித்தாள்.

டீ ஆறிப்போனபின் குடை எடுத்துக்கொண்டு இறங்கினாள். துரை மூலையில் ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் வைக்கோலில் மல்லாந்து கிடந்தார். பழுப்புக் கோட்டின் நெஞ்சில் இரண்டு குளம்புத் தடங்கள், பக்கத்தில் பக்கத்தில், அச்சு வைத்தாற்போல்.

அதன்பிறகு அவள் சீழ்க்கை அடிக்கவில்லை. உதடு குவியவே மறுத்தது.

திரும்பி வந்த முதல் மூன்று நாள் ஒன்றும் நடக்கவில்லை. அவள் கணவரின் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டாள். அது முழங்கால் வரை தொங்கியது. காலரில் அவர் முட்டிவலிக்குத் தேய்க்கும் தைலத்தின் காரமான வாசனை இன்னும் இருந்தது. துரை அவளை முகர்ந்தது, பெருமூச்சு விட்டது, தலையைத் தாழ்த்தி நூல்கயிற்றை மாட்டவிட்டது. அவள் அதன் கழுத்தில் முகத்தை வைத்து அழுதாள். அது அசையாமல் நின்றது.

நான்காம் நாள் காலை பனிமூட்டம். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. அவள் லாயத்துக்குள் நுழைந்தபோது துரையின் உடம்பு தேய்த்துவிடப்பட்டிருந்தது. பிடரி ஈரமாக, ஒரு பக்கமாக வாரிவிடப்பட்டிருந்தது. நான்கு குளம்பும் சுத்தமாக இருந்தன. வியர்வையில் விலா மெல்ல ஆவியடித்தது.

கதவின் தாழ்ப்பாள் வெளியே போட்டபடியே இருந்தது.

அவள் வட்டக் களத்துக்குப் போய்ப் பார்த்தாள். மணலில் வட்டம் வட்டமாகப் புதிய குளம்புத் தடங்கள். சுற்றிச் சுற்றி ஓடவிட்டிருக்கிறார்கள். ஓடவிடுகிறவர் நடுவில் நின்றாக வேண்டும். நடுவில் மணல் வழவழவென்று கிடந்தது.

ஒரு கால்தடம் இல்லை.

லாடக்காரருக்குப் போன் செய்தாள்.

"காலையில வந்தீங்களாண்ணே?"

"நானா? நான் இன்னும் படுக்கையை விட்டே எழுந்திரிக்கல. ஏன்?"

"சும்மா கேட்டேன்."

போனை வைக்கும்போதுதான் அது கேட்டது. பனிக்குள்ளிருந்து, பழைய கொட்டகைப் பக்கமிருந்து, மெதுவாக. கீழே ஒன்று, மேலே ஒன்று.

அவளுடைய சீழ்க்கை.

அவளுக்குப் பயம் வரவில்லை. அதற்காகத்தான் பிற்பாடு அவளால் தன்னைத்தானே மன்னிக்க முடியாமல் போயிற்று. படியில் உட்கார்ந்தாள். நெஞ்சு நிறைந்து வழிந்தது. அன்றைக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. இப்போது அவர் என்னைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாள். என் சீழ்க்கையையே வைத்துக் கூப்பிடுகிறார்.

"வரேன்," என்றாள் பனியைப் பார்த்து. "எங்க போயிடப் போறேன்."

அன்று மாலை அக்காவிடம் போனில் சொன்னாள். "அவர் இங்கதான்கா இருக்கார். துரையை இன்னும் அவர்தான் பார்த்துக்கறார்."

"நான் நாளைக்கே கிளம்பி வரட்டுமா?" என்றாள் அக்கா.

"வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன்."

உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தாள். காலையில் இரண்டு டம்ளரில் டீ ஊற்றினாள். ஒன்றை ஜன்னல் மேடையில் வைத்தாள். அன்றன்றைய விஷயத்தைச் சொன்னாள்: கொள்ளு தீரப்போகிறது, சாம்பல் பெட்டைக்கு வயிறு தெரிய ஆரம்பித்துவிட்டது, வடக்கு வேலியில் ஒரு கட்டை உளுத்துவிட்டது. அவர் இருக்கும்போது இவ்வளவு பொறுமையாகக் கேட்டதில்லை என்று ஒரு நாள் சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள். தினமும் விடியலில் களத்து மணலில் புதிய வட்டங்கள் இருந்தன. தினமும் ஒரு தடவையாவது சீழ்க்கை கேட்டது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்டத்தில்.

இளைத்தது துரைதான்.

இரண்டாம் வாரத்தில் விலா எலும்பை எண்ண முடிந்தது. வாளியில் பாதித் தீனி மிஞ்சியது. மத்தியானத்தில், பனியும் மழையும் விட்ட நேரத்தில், அவள் வெறும் சட்டையோடு போனால் அது மூக்கை நீட்டிக் கையை நக்கியது. காலையில் நீலக் கோட்டோடு போனால் காதைப் பிடரியோடு மடித்துக்கொண்டு சுவரில் ஒட்டிக்கொண்டது. கண்ணின் வெள்ளை தெரிந்தது. தோல் அலையலையாக நடுங்கியது. அவருடைய வாசனை அதற்கு ஏக்கத்தைக் கிளப்புகிறது போலும் என்று அவள் எண்ணினாள். "எனக்கும் அப்படித்தான்டா," என்று அதனிடம் சொன்னாள்.

பதினாறாம் நாள் லாடக்காரர் குளம்பு சீவ வந்தார். காலை ஒன்பது மணி. தூறலும் பனியும் கலந்த வெளிச்சம். துரை பக்கத்தில் அவர் போகவே மாட்டார், பெட்டைகளுக்கு மட்டும்தான் என்று பேச்சு. அவர் லாயத்தில் வேலை பார்க்கும் வரை துரையை வேறு அடைப்புக்கு மாற்றலாம் என்று அவள் நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு அதை வெளியே கூட்டி வந்தாள். போகும் வழியில் இரண்டு பக்கமும் கட்டை வேலி, நடுவே ஓராள் ஒரு குதிரை நடக்கும் சந்து. லாடக்காரர் மறுகோடியில் தன் கருவிப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார்.

பாதிச் சந்தில் தைல வாசனை வந்தது.

கோட்டிலிருந்து அல்ல. பின்னாலிருந்து. சூடாக.

துரையின் நடை நின்றது.

"என்னடா?" என்றாள்.

அவள் காதுக்குப் பின்னால், பிடரி மயிர் அசையும் அளவுக்குக் கிட்டத்தில், உதடு குவியும் ஈரச் சத்தம் கேட்டது. பிறகு சீழ்க்கை.

கீழே ஒன்று. மேலே ஒன்று.

கயிறு அவள் கையிலிருந்து பறந்தது. துரை பின்னங்கால்களில் எழுந்தது. சந்தின் வெளிச்சம் முழுவதும் அதன் மார்புக்குப் பின்னால் மறைந்தது. சேற்றில் அவள் கால் வழுக்கியதால்தான் பிழைத்தாள். நெஞ்சுக்கு வந்த இரண்டு குளம்பில் ஒன்று தோளில் உரசிக் கோட்டைக் கிழித்துக்கொண்டு போயிற்று. இன்னொன்று வேலிக் கட்டையைப் பிளந்தது. அவள் கட்டைகளுக்கு அடியில் உருண்டு அந்தப் பக்கம் விழுந்தாள்.

துரை மறுபடி அடிக்கவில்லை. துரத்தவில்லை. நான்கு காலையும் ஊன்றி நின்றது. தலையை வலப்பக்கம் சாய்த்துக் கழுத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டே.

லாடக்காரர் ஓடி வந்தார். அவளைத் தூக்கவில்லை. குதிரையைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

சமையலறையில் அவள் தோளில் துணியை நனைத்து வைத்துக்கொண்டாள். கிழிந்த நீலக் கோட்டை ஆணியில் மாட்டியிருந்தாள். லாடக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். எதிரே வைத்த டீயைத் தொடவில்லை.

"விசில் கேட்டுச்சாண்ணே உங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"அவர்தான். ஆனா துரைக்கு ஏன் அவ்வளவு கோவம்னு..."

"அது கோவத்துல அடிக்கல தங்கச்சி." அவர் தரையைப் பார்த்துப் பேசினார். "கோவத்துல அடிக்கிற குதிரை நிக்காது. மிதிக்கும், கடிக்கும். இது அடிச்சுட்டுக் கழுத்தைக் காட்டுச்சு பாத்தியா? தட்டிக்குடுப்பாங்கன்னு நிக்குது. அது பாடம் ஒப்பிச்சுது."

அவளுக்குப் புரியவில்லை. அவர் கைகளைப் பிசைந்தார்.

"கோடையில ஒரு நாள் சொல்லாம வந்தேன். நீ அக்கா வீட்டுக்குப் போயிருந்த. பழைய கொட்டகையில சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தா, உன் உயரத்துக்கு ஒரு வைக்கோல் பொம்மை. உன்னோட பழுப்புக் கோட்டை அதுக்கு மாட்டியிருந்தார். துரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறார். விசில் அடிக்கறார். துரை எந்திரிச்சு ரெண்டு காலாலயும் பொம்மை நெஞ்சுல அடிக்குது. உடனே கழுத்துல ரெண்டு தடவ தட்டிக்குடுக்கறார். மறுபடி விசில்."

"என்ன விசில்?"

லாடக்காரர் நிமிர்ந்தார். அவருக்கு உதடு உலர்ந்திருந்தது, காற்றுதான் வந்தது. ஆனாலும் அடையாளம் தெரிந்தது. கீழே ஒன்று, மேலே ஒன்று.

அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். ஞாபகம் வந்தது. இறப்பதற்கு நான்கு நாள் முன்பு சாப்பிடும்போது சொன்னார்: 'அடுத்த வாரம் ரெண்டு நாள் டவுனுக்குப் போறேன். துரையை நீதான் பார்த்துக்கணும். மழையா இருக்கு, மறக்காம கோட்டு போட்டுக்கிட்டுப் போ.' தன் மேல் எவ்வளவு அக்கறை என்று அன்று அவளுக்கு மனசு குளிர்ந்திருந்தது. எல்லாம் தயாராக இருந்தது. மழை பெய்யும், அவள் கோட்டைப் போடுவாள், கையில் வேலை இருந்தால் வாயில் சீழ்க்கை தானாக வரும். அந்த நேரத்தில் அவர் டவுனில் நாலு பேர் பார்க்க எங்காவது உட்கார்ந்திருப்பார்.

ஆனால் அவர் தன் கோட்டை நனைத்துவிட்டு அவளுடையதைப் போட்டுக்கொண்டார். அவள் டீ போட்டுவிட்டுக் கூப்பிட்டாள்.

"எதுக்கு?" என்றாள். வேறு யாரோ பேசுவது போலிருந்தது.

"டவுன்ல ஒரு வீடு எடுத்திருந்தார். அங்க ஒருத்தங்க இருக்காங்க. பண்ணை உன் பேர்ல இருக்கு. விட்டுட்டுப் போனா வெறுங்கையாத்தான் போகணும்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "வீட்டுச் சாமானை ரெண்டு தடவ நான்தான் கொண்டுபோய் இறக்கினேன்."

"உங்களுக்கு எல்லாமே தெரியும்."

"பொம்மை எதுக்குன்னு கேட்டேன். குதிரை மிரளாம இருக்கப் பழக்கறேன்னார். நான் நம்பிட்டேன்."

"நம்பினீங்களா, நம்பினா சௌகரியம்னு விட்டுட்டீங்களா?"

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார்.

"பதினஞ்சு வருஷமா தங்கச்சின்னு கூப்பிட்டீங்கண்ணே."

"செத்தவர் மேல எதுக்குப் பழின்னு..."

"நான் உயிரோடதான இருந்தேன்? அப்ப சொல்லியிருக்கலாமே. எழுந்திருங்க. இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

அவர் போனார். கருவிப் பெட்டியைக்கூட எடுக்காமல் போனார். அவள் நெடுநேரம் மேடையைப் பிடித்தபடியே நின்றாள். கண்ணால் பார்க்காமல் அவளால் நம்ப முடியாது. நம்பாமல் இருக்கவும் முடியாது. கொட்டகைக்குப் போயாக வேண்டும். கோட்டை எடுக்கக் கையை நீட்டினாள்.

ஆணி காலியாக இருந்தது.

தரையில் ஈரம் சொட்டிய தடம் வாசல் வரை போயிருந்தது.

தூறலில் தலை நனைய நடந்தாள். லாயத்தைக் கடக்கும்போது துரை கனைக்கவில்லை. ஒரு பெட்டைகூட அசையவில்லை. கொட்டகைக் கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே புளித்துப்போன வைக்கோல் நாற்றம், அதற்கு மேல் தைலம். ஓட்டைக் கூரை வழியாகச் சாம்பல் வெளிச்சம் இறங்கியது.

பொம்மை நடுவில் கம்பத்தில் நின்றது. சரியாக அவளுடைய உயரம். சாக்கு முகம். சுற்றிலும் தரை குளம்படியில் உழுதுபோட்டதுபோல் கிடந்தது. நெஞ்சு அடிபட்டு அடிபட்டு உள்ளே குழிந்திருந்தது.

அது நீலக் கோட்டைப் போட்டிருந்தது. தோளில் இப்போதுதான் கிழிந்த கிழிசல். எல்லாப் பொத்தானும் கழுத்து வரை போட்டிருந்தது.

அவளுக்கு விளங்கிவிட்டது. பழுப்புக் கோட்டு போய்விட்டது. அவள் இப்போது போடுவது நீலம். அவ்வளவுதான் விஷயம். ஆணியிலிருந்து அதை எடுத்துவந்து மாட்டி, அவர் பாடத்தை மாற்றிக்கொண்டிருந்தார். தினமும் விடியலில், அவள் மனம் குளிர்ந்து கேட்டுக்கொண்டிருந்தபோதெல்லாம்.

"ஏங்க," என்றாள்.

வைக்கோல் சரசரத்தது.

"ரெண்டு டம்ளர்ல டீ ஊத்தினேன்ங்க. ரெண்டு வாரமா."

கோட்டின் தொப்பிக்குள்ளிருந்து, வாயில்லாத சாக்கு முகத்திலிருந்து, மெதுவாகப் பதில் வந்தது.

கீழே ஒன்று. மேலே ஒன்று.

அவள் ஓடவில்லை. வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் டப்பாவை எடுத்து வந்தாள். ஈர வைக்கோல் பிடிக்க நேரமாயிற்று. கொட்டகை முழுவதும் எரிந்து விழும் வரை எதிரே நின்றாள். கோட்டு எரியும்போது தைல வாசனை காற்றில் பரவியது. லாயத்தில் துரை கதவை உதைத்து உதைத்துக் கத்தியது.

மறுநாள் கால்நடை டாக்டர் வந்து துரையைப் பார்த்தார். வயசானவர், நறுக்கென்று பேசுகிறவர். "ஒரு தடவை பழகிடுச்சுன்னா போகாதும்மா. ஊசி போட்டுடலாம். வலிக்காது."

"அது தப்பு பண்ணலயே டாக்டர்."

"தப்பு, சரியெல்லாம் அதுக்குத் தெரியாது."

"அதான் சொல்றேன். ஏமாந்தது நான் மட்டும் இல்ல."

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, கவனம் என்று மட்டும் சொல்லிப் போனார்.

அவள் பாடத்தை அவிழ்க்க ஆரம்பித்தாள். கோட்டு இல்லை, மழையானாலும் சட்டைதான். முதலில் வேலிக்கு வெளியே நின்றாள். உதட்டைக் குவித்தாள். வாரக்கணக்கில் மறந்துபோன உதடு நடுங்கியது. அந்தச் சீழ்க்கை அவளுடையது. அதை அவர் திருடியிருந்தார். அடித்தாள். துரை எழும்பிக் காற்றை அடித்துக் கழுத்தைக் காட்டியது. அவள் தட்டிக்கொடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எழும்பாமல் நின்றால் மட்டும் கேரட் துண்டு, கழுத்தில் தடவல். நாற்பது நாள். தோள் காயம் ஆறியது. ஐந்தாம் வாரத்தில் சீழ்க்கைக்குத் துரை காதை மட்டும் அசைத்தது. அவள் வேலிக்குள் போனாள்.

நாற்பத்தோராம் நாள் காலை மறுபடி பனி. களத்தின் நடுவில் துரையின் தோளோடு ஒட்டி நின்று சீழ்க்கை அடித்தாள். அது தலையைத் தாழ்த்தியது. தடவிக்கொடுக்கக் கையைத் தூக்கினாள்.

வேலியின் மூலையிலிருந்து இன்னொரு சீழ்க்கை வந்தது.

அதே இரண்டு இழுப்பு. ஆனால் அதிகாரமாக. பாடம் மறந்த பிள்ளையைக் கண்டிக்கிற மாதிரி.

துரை உறைந்தது. வாசனை வந்தது. மணலில் யாரும் இல்லை. ஆனால் ஏதோ நெருங்க நெருங்க அதன் காது திரும்பிக்கொண்டே வந்தது, மூலையிலிருந்து அவள் முதுகுக்கு.

மறுபடி சீழ்க்கை. அவள் பிடரியில் சூடான மூச்சு.

அவள் கண்ணை மூடவில்லை. துரையின் கண்ணையே பார்த்தாள். "நீயே முடிவு பண்ணுடா," என்றாள். கயிற்றைக் கீழே போட்டாள்.

அது எழுந்தது. அவள் தலைக்கு மேலே எழுந்தது. குளம்புகள் அவள் காதோரம் காற்றைக் கிழித்துக்கொண்டு போய் அவளுக்குப் பின்னால் இறங்கின.

வெறும் மணலில் இறங்கிய சத்தமில்லை அது. கோழி எலும்பு நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம்.

துரை கழுத்தைக் காட்டவில்லை. மிதித்தது. பல்லைக் காட்டி மறுபடி மறுபடி அதே இடத்தை மிதித்தது, மணல் பள்ளமாகும் வரை. பிறகு வியர்வை வழிய அவளிடம் வந்து தலையை அவள் மார்பில் முட்டிக்கொண்டு நின்றது. தைல வாசனை போய்விட்டிருந்தது. பனி விலகி வெயில் வந்தது.

அதோடு நின்றது. மணலில் வட்டம் இல்லை, சீழ்க்கை இல்லை. துரை தேறியது, வாளி தாமதமானால் பழையபடி கதவை உதைத்தது. டவுனிலிருந்து ஒரு பெண் ஒரு தடவை போன் செய்தாள். எதிர்முனையில் அவள் அழுகிற சத்தத்தைச் சற்று நேரம் கேட்டுவிட்டு, இவள் போனை வைத்துவிட்டாள். லாடக்காரர் சமாதானம் பேச ஆளனுப்பினார், அவள் வேறு லாடக்காரரைப் பார்த்துக்கொண்டாள். அக்கா வந்து பத்து நாள் தங்கி, தன் சமையலால் அவளை இன்னும் கொஞ்சம் இளைக்கவைத்துவிட்டுப் போனாள்.

மழைக்காலம் முடிந்து வெகு நாளைக்குப் பிறகு சாம்பல் பெட்டை குட்டி போட்டது. துரையின் நிறம், துரையின் மார்பு. பயம் தெரியாத குட்டி. இரண்டாம் நாளே அவள் விரலைச் சப்பியது.

அதற்கு இருபது நாள் ஆனபோது, ஒரு மத்தியானம், அவள் தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு நிமிர்ந்தாள். வெயில் சுள்ளென்று அடித்தது. பெட்டை அடைப்பின் ஒரு கோடியில் காதை மடித்துக்கொண்டு நின்றிருந்தது. குட்டியைக் கூப்பிடவில்லை, கிட்டப் போகவும் இல்லை. குட்டி மறுகோடியில், வேலி மூலையில், தனியாக நின்று எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. மிகக் கவனமாக.

சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்கவில்லை.

குட்டி தன் மெல்லிய பின்னங்கால்களில் தடுமாறி எழுந்தது. இரண்டு முன்னங்காலாலும் காற்றை அடித்தது. இறங்கி நின்றது. தலையை வலப்பக்கம் சாய்த்துக் கழுத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தது.

காற்று அசையவில்லை. குட்டியின் கழுத்து மயிர், ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, மெதுவாக அமுங்கியது, எழுந்தது, மறுபடி அமுங்கியது.